மூங்கிலை உரசித் தீ மூட்டுவது எப்படி? தூளில் தொடங்கிச் சுடர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உரசித் தீ மூட்ட முயன்று தோற்பவர்களுக்குப் பெரும்பாலும் கைவலு குறைவதில்லை; தூள்தான் குறைகிறது. இரண்டு கட்டைகளை உரசும்போது மரம் தேய்ந்து தூளாக உதிர்கிறது. உரசலின் சூட்டில் அந்தத் தூள் கருகுகிறது. கருகிய தூள் சிதறாமல் ஓரிடத்தில் குவிந்து, வெப்பம் சுமார் 400 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானாகவே கனலத் தொடங்குகிறது. அதுதான் கங்கு. கட்டை எந்தக் கட்டத்திலும் தீப்பற்றுவதில்லை. பற்றுவது தூள்.

எனவே எந்த முறையைக் கையாண்டாலும் மூன்றைத்தான் கவனிக்க வேண்டும்: தூள் வருகிறதா, அது கருகுகிறதா, கருகியது ஓரிடத்தில் சேர்கிறதா. வேகம், அழுத்தம், மரத்தின் வகை, வெட்டின் வடிவம் எல்லாம் இந்த மூன்றுக்கு வேலை செய்பவையே.

மூங்கிலில் தொடங்குவது நல்லது. காரணம், ஒரே கழியில் எல்லாம் கிடைத்துவிடும். அறுக்கும் பிளாச்சு (பிளந்த துண்டு), உரசப்படும் பிளாச்சு, பற்றவைக்கும் பஞ்சு, பிறகு எரிக்கும் சுள்ளி என நான்கும் அதிலிருந்தே வரும். கயிறு வேண்டாம். சுவர் மெல்லியது என்பதால் துளை எளிதில் விழும். வெளித்தோலில் சிலிக்கா நிறைந்திருப்பதால் விளிம்பு சீக்கிரம் மழுங்காது. உடல் உழைப்பு அதிகம் என்பது ஒன்றுதான் இதன் குறை.

மூங்கிலைத் தேர்ந்தெடுத்தல்

புதரில் நின்றபடியே காய்ந்த கழியைத் தேடுங்கள். தரையில் கிடப்பது மண்ணின் ஈரத்தைக் குடித்திருக்கும். பச்சை முற்றிலும் போய் வைக்கோல் நிறமோ சாம்பல் கலந்த பழுப்போ வந்திருக்க வேண்டும். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் அல்லது உளுப்பு இருக்கிறது. வெட்டிய முனையில் மாவு கொட்டினால் வண்டு துளைத்த கழி, அதை விட்டுவிடுங்கள். கறுப்புப் பூஞ்சைத் திட்டுகள் உள்ளதும் வேண்டாம்.

குறுக்களவு 4 முதல் 6 செ.மீ., சுவரின் தடிப்பு 4 முதல் 6 மி.மீ. இருந்தால் கைக்கு வாகாக இருக்கும். சுவர் இதைவிட மெலிந்தால் தூள் போதாது. பிளாச்சும் நடுவில் பிளந்துவிடும். தடித்தால் துளை விழுவதற்குள் கை ஓய்ந்துவிடும். நீளம் 50 முதல் 60 செ.மீ. போதும்.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்துக்குள் தண்ணீர் இருக்கும் வரை, உரசலில் பிறக்கும் வெப்பம் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் இடத்தில் நாள்பட வைத்த மரத்தில் சுமார் 9 சதவீத ஈரம் நிற்கும். காற்றில் 80 சதவீதம் என்றால் மரத்தில் சுமார் 16 சதவீதம். மழை நாட்களில் நேற்று வேலை செய்த கட்டை இன்று அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம். வெயில் கிடைத்தால் பிளந்த துண்டுகளை உள்பக்கம் மேலே பார்க்கும்படி ஒன்றிரண்டு மணி நேரம் காய வைத்த பிறகே தொடங்குங்கள்.

பிளத்தலும் சீவுதலும்

கழியை நெட்டுவாக்கில் சரிபாதியாகப் பிளக்க வேண்டும். கத்தியை முனையின் நடுவில் வைத்து, அதன் முதுகில் ஒரு கட்டையால் தட்டி இறக்குங்கள். பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்திக்குச் சமம். விரலை அதன்மேல் ஓடவிடக் கூடாது. நாரை வெறுங்கையால் பிடித்து இழுக்கவும் கூடாது. பிளந்த உடனே எல்லா விளிம்புகளையும் கத்தியின் முதுகால் ஒருமுறை மழுக்கிவிடுவது நல்ல பழக்கம்.

ஒரு பாதி முழு நீளத்துக்கு வாள்பிளாச்சு. அதன் ஒரு விளிம்பை உள்பக்கத்திலிருந்து மட்டும் சாய்வாகச் சீவுங்கள். அப்போதுதான் கடினமான வெளித்தோல் விளிம்பாக நிற்கும். சவரக்கத்திபோல் கூராக்க வேண்டாம். விளிம்பில் சுமார் 1 மி.மீ. தடிப்பு இருக்கட்டும். மிகக் கூரான விளிம்பு மரத்தை வெட்டிச் செல்லும், உரசாது, சூடும் பிறக்காது. உரசல் ஓடும் நடுப்பகுதியில் கணு இருந்தால் அதை மட்டமாகச் சீவி எடுத்துவிடுங்கள்.

மறு பாதியிலிருந்து கணு இல்லாத 25 முதல் 30 செ.மீ. நீளத்தை வெட்டினால் காடிப்பிளாச்சு. அதன் முதுகில், நடுவில், குறுக்காக ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், வெட்டுங்கள். அகலம் 2 முதல் 3 மி.மீ. காடியை ஆழமாக்கிக்கொண்டே போனால் உட்புறக் குழிவில் ஒரு கீறல் திறக்கும். அந்தக் கீறல் 1 செ.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் வந்ததும் நிறுத்துங்கள். இந்த வழியாகத்தான் தூள் உள்ளே போகும். சிறிதாக இருந்தால் தூள் வெளியிலேயே உதிரும்; பெரிதானால் பஞ்சு கீழே பிதுங்கி வாளில் மாட்டும்.

மிஞ்சிய துண்டில் பஞ்சு எடுக்க வேண்டும். கத்தியின் விளிம்பை மூங்கிலின் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். சாய்த்தால் சீவலாக வரும், அது பயன்படாது. செங்குத்தாகச் சுரண்டும்போதுதான் மயிரிழையாகச் சுருண்ட நார் வரும். ஒரு கைப்பிடி நிறைய வேண்டும். இந்தப் பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தை நிமிடங்களில் உறிஞ்சும். ஆகவே இதைக் கடைசியாகச் சுரண்டுங்கள், அல்லது சுரண்டியதும் காய்ந்த பைக்குள் போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் பொறுமையாகச் சுரண்டுபவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்; பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

இன்னும் இரண்டு மெல்லிய பட்டைகள் வேண்டும். 25 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் போதும். பஞ்சை இடத்தில் அழுத்திப் பிடிக்க இவை.

அமைத்தல்

பஞ்சைத் தட்டையான உருண்டையாக்கி, சுமார் 2 செ.மீ. கனத்தில், காடிப்பிளாச்சின் குழிவுக்குள் கீறலுக்கு நேராக வையுங்கள். கீறலைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு சிறு பள்ளம் இருக்கட்டும். தூள் தங்குவதற்கு அதுதான் இடம். இறுக்கி அடைத்தால் காற்று நுழையாது. தளர விட்டால் தூள் பஞ்சின் இழைகளுக்குள் பரவி ஆறிவிடும். அதன்மேல் இரண்டு பட்டைகளையும் நெட்டுவாக்கில் வைத்து, இரு முனைகளிலும் கட்டைவிரல்களால் அமுக்கிக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் செய்வதானால் மண்டியிட்டு உட்காருங்கள். வாள்பிளாச்சின் ஒரு முனையைத் தரையில் ஒரு கல்லிலோ முளையிலோ முட்டுக்கொடுத்து, மறு முனையை அடிவயிற்றில் தாங்குங்கள். இடையில் மடித்த துணி வைக்காவிட்டால் தோல் கிழியும். சீவிய விளிம்பு மேலே பார்க்க வேண்டும். காடிப்பிளாச்சை இரு கைகளாலும் முனைகளில் பிடித்து, குழிவு மேலே, முதுகு கீழே வரும்படி குறுக்காக வைத்தால் காடி வாளின் விளிம்பில் உட்காரும்.

இருவர் இருந்தால் மாற்றிச் செய்யலாம். காடிப்பிளாச்சை முதுகு மேலே தெரியும்படி தரையில் குப்புற வைத்து, பஞ்சை அடியில் கொடுத்து, ஒருவர் அதை அசையாமல் மிதித்துக்கொள்ள, மற்றவர் வாளை மேலிருந்து இழுக்கலாம். வாளின் இரு முனைகளையும் இருவரும் பிடித்து மாறி மாறி இழுப்பதும் உண்டு. தூள் தன் எடையிலேயே பஞ்சில் விழுவது இதில் பெரிய வசதி. முதன்முறை கற்பவர்களுக்கு இந்த அமைப்பையே பரிந்துரைக்கிறோம்.

அறுத்தல்

1. முதல் 20, 30 இழுப்புகள் மெதுவாக, லேசான அழுத்தத்தில். வாள் காடியில் படிந்து தடம் பிடிக்கவும், மூங்கில் சூடேறவும்தான் இது. இழுப்பின் நீளம் 20 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். குட்டை இழுப்பில் விளிம்பின் ஒரே இடம் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும்.

2. மெல்லிய புகை தெரிந்ததும் வேகத்தைக் கூட்டுங்கள். அழுத்தத்தை இப்போதே கூட்ட வேண்டாம். இந்தக் கட்டத்தில் தூள் சேர வேண்டும்.

3. புகை அடர்ந்து காடியின் ஓரங்கள் கறுத்ததும் அழுத்தத்தையும் கூட்டி, முடிந்த வேகத்தில் 40 முதல் 60 இழுப்புகள். நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு நொடி நின்றாலும் வெப்பம் சரியும்.

4. புகை பஞ்சுக்குள்ளிருந்து வரத் தொடங்கிய பிறகும் இன்னும் 10, 15 இழுப்புகள். முதல் புகையைக் கண்டதும் நிறுத்துவதே மிகப் பரவலான தவறு.

நிறுத்தியதும் அசையாமல் பாருங்கள். உரசல் நின்ற பிறகும் புகை தொடர்ந்து இழையாக எழுந்தால் கங்கு பிறந்துவிட்டது. உடனே ஊத வேண்டாம். அரை நிமிடமாவது விடுங்கள். கனல் தன்னைச் சுற்றியுள்ள தூளைத் தானே பிடித்து வளரும். கீறலில் ஒட்டியிருக்கும் தூளைப் பிளாச்சின் முதுகில் மெல்லத் தட்டிப் பஞ்சுக்குள் இறக்குங்கள்.

தூளைப் படித்தல்

தோற்றால் கட்டையைக் குறை சொல்வதற்கு முன் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன தவறு என்று அதுவே சொல்லும்.

வறுத்த காப்பித்தூளின் நிறமோ அதைவிடக் கறுப்போ, தொட்டால் மாவாகவும் இருந்தால் தூள் சரி. அப்படியும் கங்கு வரவில்லையென்றால் அளவு போதவில்லை அல்லது குவியவில்லை.

வெளிர் பழுப்பு என்றால் சூடு போதவில்லை. அழுத்தம் கூட்டுங்கள், பிறகு வேகம்.

நார் நாராக, சொரசொரப்பாக இருந்தால் அழுத்தம் மிகுந்து வேகம் குறைந்திருக்கிறது, அல்லது வாளின் விளிம்பு அதிகக் கூர். மூங்கில் ஈரமாக இருந்தாலும் இப்படித்தான் வரும். அப்போது தூள் விரலில் பசைபோல் ஒட்டும்.

தூளே வரவில்லை, காடி பளபளவெனக் கறுத்துக் கீச்சிடுகிறது என்றால் இரு பரப்புகளும் மெருகேறிவிட்டன. இனி எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும். காடியையும் விளிம்பையும் கத்தியால் சுரண்டி மெருகை நீக்குங்கள். காடியில் ஒரு சிட்டிகை உலர்ந்த நுண்மணல் போட்டு மீண்டும் தொடங்குவதும் உதவும்.

வாள் காடியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தால் காடியின் ஆழம் போதாது. பிளாச்சு நெட்டுவாக்கில் பிளக்கத் தொடங்கினால் இரு முனைகளையும் நாரால் இறுகக் கட்டுங்கள். இதை முன்கூட்டியே கட்டிவிடுவது இன்னும் நல்லது. புகை நிறைய வந்தும் கங்கு இல்லையென்றால் பெரும்பாலும் பஞ்சு கீறலைவிட்டு விலகியிருக்கும். கட்டைவிரல்கள் களைத்துத் தளர்வதால் இது நேர்கிறது.

மூங்கில் கிடைக்காத இடத்தில் மற்ற மரங்கள்

எந்த மரம் என்று கேட்பதைவிட எப்படிப்பட்ட மரம் என்று கேட்பதே சரி. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் பொடியக் கூடாது. எடை குறைவாக, நின்றபடி காய்ந்ததாக இருக்க வேண்டும். பிசின் உள்ள மரம் வேண்டாம். பிசின் உருகி உரசலைக் குறைக்கும். இந்தச் சோதனையில் அத்தி இனங்களும், பூவரசு, நீர்ப்பருத்தி போன்ற செம்பருத்திக் குடும்ப மரங்களும் நன்றாகத் தேறும். வேள்வித்தீ கடையும் கட்டையான அரணிக்கு அரசும் வன்னியும் வழிவழியாகப் பயன்பட்டு வந்திருக்கின்றன. தெரியாத மரத்தைத் தொடவே வேண்டாம். அரளியின் புகையும் நஞ்சு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

மரக்கட்டைகளுக்கு, நாணில் ஒரு சுற்றுச் சுற்றிய கோலை வில்லால் இழுத்துச் சுழற்றும் வில் கடைகோல் முறையே நம்பகமானது. கடைகோல் 20 முதல் 25 செ.மீ. நீளம், 1.5 முதல் 2 செ.மீ. தடிமன், நேராக. அடிப்பலகை 1.5 செ.மீ. கனம், 5 செ.மீ. அகலம். வில் 50 முதல் 70 செ.மீ. நாண் 3 முதல் 5 மி.மீ. நைலான் கயிறு அல்லது முறுக்கிய தோல்வார். கடைகோலை மேலிருந்து அழுத்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கடினமான பிடிகட்டை.

கடைகோலின் மேல்முனையைக் கூராகவும் கீழ்முனையை மழுங்கலாகவும் சீவுங்கள். உரசல் கீழே வேண்டும், மேலே வேண்டாம். அதனால் பிடிகட்டையின் குழியில் மட்டும் எண்ணெய், மெழுகு அல்லது கசக்கிய பச்சிலை தடவுங்கள். எண்ணெய் பட்ட முனையைத் தெரியாமல் கீழே திருப்பிவிட்டால் அந்தக் கட்டை அன்றைக்கு உதவாது. மேல்முனையில் ஒரு அடையாளக் கோடு போட்டுவிடுங்கள்.

அடிப்பலகையில் ஓரத்திலிருந்து சற்று உள்ளே ஒரு சிறு குழி தோண்டி, முதலில் அதைக் கடைந்து கருக்குங்கள். வட்டம் முழுதும் கறுத்த பிறகே ஓரத்திலிருந்து ஆப்பு வடிவ வெட்டை வெட்ட வேண்டும். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு, முனை வட்டத்தின் மையத்தை ஏறத்தாழத் தொட வேண்டும். மையத்தை எட்டாத வெட்டில் தூள் நிரம்பாது. மையத்தைத் தாண்டினால் கடைகோல் வெளியே பாயும். வெட்டின் அடியில் ஒரு காய்ந்த இலை அல்லது மரச்சீவலை வையுங்கள், கங்கை எடுத்துச் செல்ல அதுதான் தட்டு.

இடது காலால் பலகையை மிதித்து, பிடிகட்டையைப் பிடித்த இடது மணிக்கட்டை முழங்காலுக்குக் கீழே காலெலும்போடு ஒட்டிப் பூட்டிக்கொள்ளுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். மணிக்கட்டு ஆடினால் கடைகோல் ஆடும், கடைகோல் ஆடினால் குழி அகன்று சூடு சிதறும். வில்லைத் தரைக்கு இணையாக முழு நீளத்துக்கும் இழுங்கள். நாண் வழுக்கினால் பிடியிலுள்ள விரல்களால் அதை இறுக்குங்கள். வெட்டு தூளால் நிரம்பும் வரை நடுத்தர வேகம், நிரம்பிய பிறகு முழு வேகம்.

கைக்கடைகோல் முறைக்கு 50 முதல் 70 செ.மீ. நீளமும் விரல் தடிமனும் கொண்ட நேரான, உள்ளே சோறு (மெத்தென்ற நடுப்பகுதி) உள்ள காய்ந்த தண்டு வேண்டும். உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டி, அழுத்தியபடி கைகள் கீழே இறங்கும். அடியை எட்டியதும் ஒரு கை தண்டை விடாமல் பிடித்திருக்க மற்றது மேலே போக வேண்டும். கொப்புளம் எழத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

தீ உழவு பசிபிக் தீவுகளில் புகழ்பெற்றது. மெத்தென்ற பலகையில் 15 முதல் 20 செ.மீ. பள்ளம் போட்டு, மழுங்கிய உளி முனையுள்ள குச்சியால் முன்னும் பின்னும் உழ வேண்டும். முன்முனையில் குவியும் தூள்மேட்டைக் குச்சி ஒருமுறையும் இடிக்கக் கூடாது.

நார் இழுப்பு நியூகினி பகுதிக்குரியது. பிளந்த குச்சியின் பிளவில் ஒரு ஆப்பு செருகி, இடுக்கில் பஞ்சு வைத்து, அடியில் 1 மீட்டர் பிரம்பு நாரையோ மெல்லிய மூங்கில் நாரையோ கொடுத்துக் குச்சியை மிதித்தபடி இரு கைகளாலும் மாறி மாறி மேலே இழுப்பது. நார் எரிந்து அறுவதற்குள் கங்கு வர வேண்டும் என்பதால் தொடக்கத்திலிருந்தே வேகம்தான். கூடுதல் நார்களைத் தயாராக வைத்திருங்கள்.

கங்கிலிருந்து சுடருக்கு

தேங்காய் நார், பன்னாடை, காய்ந்த புல், வாழைச் சருகின் நார் எதுவானாலும் உள்ளங்கைகளுக்கு இடையில் கசக்கிப் பிரித்து இரு கையளவு கூடாக்குங்கள். நடுவில் மிக நுண்ணியது, வெளியே முரடானது. கங்கை நடுவில் இறக்கி, கூட்டைத் தளர்வாக மூடி, முகத்துக்குச் சற்று மேலே, காற்று உங்களிடமிருந்து விலகும் திசையில் பிடித்து நீளமாக, மெல்ல ஊதுங்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் இடையே சிறு இடைவெளி விடுங்கள். எச்சில் ஈரம் பஞ்சில் தங்காது. புகை வெண்மையிலிருந்து மஞ்சள் கலந்து கெட்டியானால் சுடர் எழப்போகிறது. அந்த நொடிக்கு முன்பே தீக்குச்சித் தடிமனில், பென்சில் தடிமனில், கட்டைவிரல் தடிமனில் சுள்ளிகளைப் பிரித்து அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

மூங்கிலைச் சுள்ளியாக எரிக்கும்போது முழுக் கணுத்துண்டுகளைத் தீயில் போடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து வெடித்துச் சிதறும். பிளந்தோ, ஒவ்வொரு கணுவிடையிலும் துளையிட்டோதான் போட வேண்டும்.

தீ மூட்டுவதற்கு முன் சுற்றிலும் 2 மீட்டர் வட்டத்துக்குச் சருகை விலக்கி மண் தெரியும்படி செய்யுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பலத்த காற்று வீசும்போதோ, தீ மூட்டத் தடையுள்ள காட்டிலோ பயிற்சி செய்ய வேண்டாம். அணைத்த பிறகு சாம்பலைக் கிளறி, மறுபடி நீர் ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஒருமுறை கங்கு தந்த காடிப்பிளாச்சையும் அடிப்பலகையையும் எறியாதீர்கள். கருகிய காடி அடுத்த முறை விரைவில் சூடேறும். காடி அகன்று வாள் ஆடத் தொடங்கினால் 3, 4 செ.மீ. தள்ளிப் புதிய காடி வெட்டலாம். பஞ்சோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால் மழைக்காலத்திலும் உதவும்.